வெரிகோஸ் வெயின் சிகிச்சை மேசையில் எப்படிப் படுப்பது, எதை வாய்விட்டுச் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசர், ஆர்.எஃப். (ரேடியோ அலைச் சூடு), ஃபோம் (நுரை மருந்து), க்ளூ (பசை) என்று பெயர் எதுவானாலும், கால் வெரிகோஸ் வெயினை, அதாவது புடைத்துச் சுருண்ட ரத்தக்குழாயை, உள்ளிருந்து மூட இன்று செய்யப்படும் சிகிச்சைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. நீங்கள் விழித்தபடி படுத்திருப்பீர்கள். டாக்டர் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை ரத்தக்குழாய்க்குள் செலுத்துவார். எந்த முறை நல்லது, எவ்வளவு செலவு என்று பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டு வருபவர்கள்கூட, அந்த முக்கால் மணி, ஒரு மணி நேரம் எப்படிப் படுத்திருக்கப்போகிறோம் என்று கேட்பதில்லை. மேசையில் ஏறிய பிறகுதான் கேள்வியே வரும். சிகிச்சை அறையில் எங்களிடம் வரும் அந்தக் கேள்விகள்தான் இவை. உங்கள் உடம்பைப் பார்த்து உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

ஸ்கேன் எடுக்கப் படுக்கத்தானே வேண்டும்? என்னை ஏன் நிற்கச் சொல்கிறார்கள்?

நிற்கும்போதுதான் நோய் வெளியே தெரியும். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் உள்ள ரத்தக்குழாயில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும். இதயத்திலிருந்து கணுக்கால் வரைக்குமான ரத்தத்தின் எடை அது. படுத்துவிட்டால் அதில் சிறு பங்குதான் மிஞ்சும், ரத்தக்குழாயும் சுருங்கிப்போகும். அதனால் படுக்கவைத்துப் பார்த்தால் ரத்தத்தைக் கீழே திரும்பவிடாமல் தடுக்கும் வால்வு கெட்டுப்போயிருந்தாலும் நன்றாக இருப்பது போலத் தெரியலாம்.

நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பார்க்காத காலில் உடம்பின் பாரம் முழுவதையும் போட வேண்டும். பார்க்கும் காலை லேசாக மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, தளர்வாக வைத்திருக்க வேண்டும். கெண்டைக்காலை அமுக்கி விடும்போது ரத்தம் மேலே போகும். விட்டவுடன் அது கீழே திரும்பி அரை வினாடிக்கு மேல் வழிந்தால் மேலோட்டமான ரத்தக்குழாயின் வால்வு பழுது என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் காலில் நீங்கள் பாரம் போட்டிருந்தால் தசை இறுகியிருக்கும், கணக்கும் தப்பும்.

இரண்டு காலும் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் நேரமாகும். பிடித்துக்கொள்ளக் கம்பியோ கட்டில் விளிம்போ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண் இருட்டுவது போலிருந்தால் உடனே சொல்லுங்கள். நின்றபடி ஸ்கேன் எடுக்கும்போது மயங்குகிறவர்கள் உண்டு. நிற்கவே முடியாதவர்களுக்குக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தும் பார்க்கலாம்.

காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாமா?

காலில் மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசியில் செய்வதென்றால் லேசாகச் சாப்பிட்டுவிட்டு வருவதே நல்லது. இரண்டு இட்லி போதும். வெறும் வயிற்றோடும் பயத்தோடும் வருபவர்தான் சீக்கிரம் மயங்குகிறார். சர்க்கரை நோயாளி மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியாக வருவது இன்னும் ஆபத்து.

முதுகில் ஊசி போட்டோ, மயக்க மருந்து கொடுத்தோ செய்வதென்றால் கதை வேறு. கெட்டியான உணவு ஆறு மணி நேரத்துக்கு முன், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் என்பது பொதுவான வழக்கம். எந்த முறை என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவோ தொடரவோ வேண்டாம்; அதை எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என்ன உடுத்திக்கொண்டு வருவது? கொலுசு, மெட்டி, எண்ணெய்?

தொடை வரை எளிதாக ஏற்றக்கூடிய எதுவும் சரி. ஆண்களுக்கு லுங்கி, வேட்டி. பெண்களுக்கு நைட்டி அல்லது அகலமான பாவாடை. இறுக்கமான ஜீன்ஸில் வந்தவர் திரும்பிப் போகும்போது, முடிந்ததும் மாட்டிவிடும் ஸ்டாக்கிங்ஸுக்கு (காலை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட காலுறை) மேல் அதை ஏற்ற முடியாமல் அல்லாடுவார். உள்ளாடையில் அயோடின் கறை படும், அதனால் பழையதைப் போட்டுக்கொண்டு ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவாருங்கள்.

கொலுசைக் கழற்றியாக வேண்டும். கால் முழுவதையும் கிருமிநாசினியால் துடைப்போம், கொலுசின் அடியில் சுத்தம் செய்ய முடியாது. மெட்டியைக் கழற்றத் தயங்குகிற அம்மாக்கள் நிறைய. கழற்றினால் ஸ்டாக்கிங்ஸ் கிழியாது. கழற்ற மனமில்லையென்றால் முதலிலேயே சொல்லுங்கள், பிளாஸ்டர் சுற்றிச் சமாளிக்கலாம். தாலிக்கு இதில் வேலையே இல்லை, அதைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

தேங்காய் எண்ணெய், வலித் தைலம், மாய்ஸ்சரைசர் எதுவும் அன்று காலில் கூடாது. மார்க்கர் கோடு நிற்காது, பிளாஸ்டர் ஒட்டாது, ஸ்டாக்கிங்ஸ் சரிந்து விழும். காலில் உள்ள முடியை வீட்டில் பிளேடால் மழித்துக்கொண்டு வர வேண்டாம். தோலில் கீறல் விழுந்தால் அதுவே கிருமிக்கு வழி. தேவையென்றால் மருத்துவமனையில் டிரிம்மரால் எடுத்துவிடுவார்கள்.

மேசையில் எப்படிப் படுக்க வைப்பார்கள்?

எந்த ரத்தக்குழாயில் வேலை என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானவர்களுக்குப் பழுதாவது பெரிய சஃபீனஸ் சிரை. கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு முன்னால் தொடங்கி, காலின் உள்பக்கமாகவே மேலேறி, தொடை இடுக்கில் ஆழமான ரத்தக்குழாயோடு சேரும் நீண்ட குழாய் அது. அந்த உள்பக்கம் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். அதனால் மல்லாந்து படுத்து, முழங்காலை லேசாக மடக்கி, தொடையை வெளிப்பக்கமாகச் சரித்து வைப்போம். ஒற்றைக் காலில் பாதிச் சம்மணம் போட்டது போல இருக்கும்.

முதல் ஐந்து நிமிடம் இது சுகமாகத்தான் இருக்கும். பதினைந்தாவது நிமிடம் இடுப்பு மூட்டும் தொடையின் உள்பக்கத் தசையும் இழுக்க ஆரம்பிக்கும். முழங்கால் அந்தரத்தில் நிற்பதுதான் காரணம். அதன் வெளிப்பக்கத்துக்குக் கீழே சுருட்டிய துணியோ ஜெல் பேடோ வைத்துத் தாங்கிவிட்டால் தசை தளர்ந்துவிடும். ஒரு மணி நேரம்கூட அப்படியே கிடக்கலாம்.

அந்தத் தாங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். குமிழ் போல ஓர் எலும்பு தட்டுப்படும். பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் போகிறது. வெளிப்பக்கம் சரிந்த கால் கடினமான மேசை விளிம்பில் நீண்ட நேரம் அழுந்தினால் அந்த நரம்பு நசுங்கும். முதலில் பாதத்தின் மேல்பக்கம் மதமதவென்று இருக்கும், மேலும் அழுந்தினால் பாதத்தைத் தூக்கவே சிரமப்படும் நிலை வரலாம். ஆகவே, சிகிச்சை செய்யும் இடத்தில் வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். முழங்காலின் வெளிப்பக்கம், குதிகால், பிட்டத்தின் நடு எலும்பு, பின்தலை என்று மேசையில் அழுந்தும் எந்த இடம் உறுத்தினாலும் சொல்லுங்கள்.

சொல்வதற்கு நல்ல நேரம், துணி விரிப்பதற்கு முன்பு. கிருமி நீக்கிய பச்சைத் துணியை விரித்துவிட்ட பிறகு தலையணையை நகர்த்துவது எங்களுக்குப் பெரிய வேலை. படுத்தவுடன் இரண்டு நிமிடம் அப்படியே கிடந்து, “இப்படியே ஒரு மணி நேரம் இருக்க முடியுமா?” என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் அப்போதே மாற்றிவிடலாம். முழங்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, கீழ்முதுகு வளைவில் ஒரு மடித்த டவல், தலையை இன்னும் கொஞ்சம் தூக்கி வைப்பது ஆகிய மூன்றிலேயே பலருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

எனக்கு மூட்டுத் தேய்மானம், இடுப்பு மாற்று அறுவை சிகிச்சையும் ஆகியிருக்கிறது. காலைச் சரிக்க முடியுமா?

எந்த அளவுக்குச் சரியுமோ அந்த அளவு போதும். காலைச் சரிக்க முடியாவிட்டால் மேசையையோ, டாக்டர் நிற்கும் பக்கத்தையோ மாற்றிக்கொள்ளலாம். இடுப்பு மாற்றியவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்த வழியாக அறுவை சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்து, எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்பது மாறும். எலும்பு டாக்டர் தந்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்துவந்தால் விஷயம் எளிது.

என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். ஏன்?

உங்களுக்குப் பழுது சிறிய சஃபீனஸ் சிரையில் இருக்கலாம். அது கெண்டைக்காலின் பின்பக்கம், நடுக்கோட்டில் ஓடி, முழங்காலின் பின்குழி அருகே ஆழத்துக்குள் இறங்குகிறது. குப்புறப் படுத்தால்தான் கைக்கு வரும்.

இதில் கணுக்காலுக்கு அடியில் தலையணை இருக்க வேண்டும். அது ஒரு நோக்கத்துக்குத்தான்: முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். காலை விறைப்பாக நீட்டினால் பின்குழியில் உள்ள ரத்தக்குழாய் இழுபட்டு நசுங்கும், திரையிலும் சரியாகத் தெரியாது.

தொப்பை உள்ளவர்களுக்கும் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கும் குப்புறப் படுப்பது கஷ்டம். மார்புக்கு அடியில் ஒன்று, இடுப்புக்கு அடியில் ஒன்று என்று தலையணை வைத்தால் வயிறு அழுந்தாமல் மூச்சு விட இடம் கிடைக்கும். அப்படியும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் செய்யலாம். கழுத்து வலி உள்ளவர்கள் தலையை எந்தப் பக்கம் திருப்புவது சௌகரியம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், திரையும் மருந்து வண்டியும் அதற்குத் தகுந்தபடி நிற்கும். இடையில் பக்கம் மாற்ற வேண்டுமென்றால் “தலையைத் திருப்பட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் திருப்புங்கள். டாக்டர் கையில் ஊசி இருக்கும்போது கேட்காமல் அசைவதுதான் பிரச்சினை.

மேசையை ஒரு தடவை கால்பக்கம் இறக்குகிறார்கள், ஒரு தடவை தலைப்பக்கம் இறக்குகிறார்கள். கடைசியில் எது சரி?

இரண்டும் சரி, வெவ்வேறு கட்டத்தில். ஊசி குத்தும்போது ரத்தக்குழாய் நிரம்பிப் பருத்திருக்க வேண்டும். அதனால் தலை மேலே, கால் கீழே. குளிரிலும் பயத்திலும் ரத்தக்குழாய் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். மேசையை இந்தப் பக்கம் சாய்த்தால் மறுபடி நிரம்பும். உள்ளே குழாய் போய், மருந்தோ சூடோ கொடுக்கும் நேரம் வந்ததும் எல்லாம் தலைகீழ். இப்போது ரத்தம் வடிந்து, ரத்தக்குழாயின் சுவர் சூடு தரும் முனையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ரத்தம் நின்றால் சூடு அதில் வீணாகும், சுவரில் இறங்காது. அதனால் கால் மேலே, தலை கீழே.

தலையைத் தாழ்த்தும் இந்த நிலைக்கு மருத்துவமனைகளில் டிரெண்டலென்பர்க் என்று பெயர். ஃப்ரீட்ரிக் டிரெண்டலென்பர்க் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர். வயிற்று அறுவை சிகிச்சைக்காக அவர் பயன்படுத்திய நிலை இது. அதே மனிதர்தான் 1890 வாக்கில் இந்தப் பெரிய சஃபீனஸ் சிரையைக் கட்டி வெரிகோஸ் வெயினுக்கு வைத்தியம் செய்ததையும் எழுதினார். அவர் பெயர் கொண்ட நிலையில் அவர் கட்டிய அதே ரத்தக்குழாயை இன்று லேசரால் மூடுகிறோம்.

தலை கீழே போனால் எனக்கு மூச்சு முட்டும், நெஞ்செரிச்சலும் வரும்.

சாய்வு அதிகம் தேவையில்லை, நேரமும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆனால் இரவில் இரண்டு மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறேன் என்பவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதயம் அல்லது நுரையீரல் பற்றி அது ஒரு தகவல். மேசை முழுவதையும் சாய்க்காமல் காலை மட்டும் ஆப்பு வடிவத் தலையணையில் உயர்த்தலாம். அமிலம் எதுக்களிப்பவர்கள் காலை உணவைக் குறைவாக எடுத்துக்கொண்டால் போதும். கண் அழுத்த நோய் இருந்தாலோ, அண்மையில் கண் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

மொத்தம் எத்தனை ஊசி? வலிக்குமா?

உண்மையைச் சொன்னால், லேசரிலும் ஆர்.எஃப்.பிலும் நோயாளிகள் அதிகம் முகம் சுளிக்கும் கட்டம் சூடு வைப்பதல்ல. அதற்கு முன்னால் தொடை நெடுகப் போடும் மரத்துப்போகும் ஊசிதான். இதைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொண்டு வந்தால் பாதி பயம் போய்விடும்.

லிக்னோகெயின் என்ற மருந்தைச் சலைன் தண்ணீரில் நிறையக் கலந்து, சுமார் 0.1 சதவீத அளவுக்கு நீர்க்கச் செய்து, ரத்தக்குழாயைச் சுற்றி நிரப்புவார்கள். தொடை நீளத்துக்கு 300 முதல் 500 மில்லி வரைகூடப் போகலாம். திரையில் பார்த்தால், கண் வடிவத்தில் இருக்கும் உறைக்குள் ரத்தக்குழாய் ஒரு கருமணி போலத் தெரியும். தண்ணீர் இறங்க இறங்க அந்த உறை கறுப்பாக உப்பி, நடுவில் உள்ள குழாய் சுருங்கிச் சிறு புள்ளியாகிவிடும். விருப்பமிருந்தால் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு நேரம் போவது தெரிவதில்லை. பார்க்கவே வேண்டாம் என்பவர்களும் உண்டு, அதுவும் நல்லதுதான்.

இந்தத் தண்ணீருக்கு மூன்று வேலை. காலை மரத்துப்போக வைக்கிறது. ரத்தக்குழாயை நசுக்கிச் சுவரை முனையோடு ஒட்ட வைக்கிறது. சூடு தோலுக்கும் பக்கத்து நரம்புக்கும் பரவாமல் தடுக்கிறது. ஆகவே “எனக்கு வலி தாங்கும், தண்ணீரைக் குறைத்துப் போடுங்கள்” என்று கேட்பதில் லாபமில்லை. குறைத்தால் தோல் சுடலாம்.

வலியைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. மருந்தோடு சோடியம் பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் நன்றாகக் குறைகிறது. ஊசியை மெதுவாக இறக்குவதும், ஏற்கெனவே மரத்த இடத்தின் விளிம்பிலேயே அடுத்த ஊசியைக் குத்துவதும் உதவும். ஐந்தாறு குத்தல் முதல் பத்துக்கு மேல் வரை ஆகலாம்; முதல் ஒன்றிரண்டுதான் சுருக்கென்று தைக்கும், பிறகு உள்ளே ஏதோ நிரம்பி இறுகுவது போலத் தோன்றும். தொடை இடுக்கிலும் கணுக்கால் பக்கத்திலும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: காலை விட்டுவிட்டுக் கையை அசையுங்கள். ஒரு மென்மையான பந்தோ சுருட்டிய டவலோ கையில் வாங்கி, ஊசி போகும்போது அதை அமுக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். மூச்சை அடக்கினால் தொடை இறுகும், ஊசி இன்னும் உறைக்கும். பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே யாராலும் மூச்சை அடக்க முடியாது.

குளிர் தாங்கவில்லை, உடம்பு நடுங்குகிறது. ஏதாவது ஆகிவிட்டதா?

பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஏ.சி. அறை, மூடாத கால், குளிர்ந்த அயோடின், அதற்குமேல் அரை லிட்டர் தண்ணீர் தொடைக்குள். நடுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சில இடங்களில் அந்தச் சலைனை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள்; பல இடங்களில் அறைச் சூட்டிலேயே போடுகிறார்கள். மேல் உடம்புக்குக் கம்பளி கேளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு அறை புழுக்கமாக இருக்கும், உங்களுக்குக் குளிரும். நீங்கள் சொல்லாவிட்டால் அது எங்களுக்குத் தெரியாது.

மருந்தில் அட்ரினலின் சேர்த்திருந்தால் நெஞ்சு கொஞ்ச நேரம் படபடக்கலாம். ஆனால் உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் ரீங்காரம், வாயில் உலோகச் சுவை வந்தால் அது வேறு. மரத்துப்போகும் மருந்து ரத்தத்தில் அதிகம் சேர்வதன் அறிகுறி அது. உடனே, டாக்டர் பேசிக்கொண்டிருந்தாலும் குறுக்கிட்டுச் சொல்லுங்கள்.

சூடு வைக்கும்போது என்ன தெரியும்? எப்போது சத்தம் போடலாம்?

ஆர்.எஃப். முறையில், 7 சென்டிமீட்டர் நீளமுள்ள முனை 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, 20 வினாடி நின்று, பிறகு அடுத்த 7 சென்டிமீட்டருக்கு இறங்குகிற வகைதான் அதிகம் புழக்கத்தில் இருக்கிறது. லேசரில் முனையை மெதுவாக இழுத்துக்கொண்டே வருவார்கள். அறையில் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள், உங்களுக்கும் ஒன்று தருவார்கள். அதைக் கழற்றாதீர்கள். பழைய 810, 980 நானோமீட்டர் லேசரைவிட இப்போதைய 1470 நானோமீட்டர் லேசரில் பிற்பாடு வலியும் கன்றலும் குறைவு.

மரத்த காலில் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், இளஞ்சூடு தெரியலாம். லேசர் போகும்போது கருகிய வாசம் வந்ததாகச் சிலர் சொல்வார்கள். இதெல்லாம் சாதாரணம். பளீரென்று சுட்டாலோ, முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை கரண்ட் அடித்தது போல ஓடினாலோ “ஆ” என்று சொல்லிவிடுங்கள், காலை மட்டும் இழுக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே உள்பக்கமும் பின்பக்கமும் உணர்வு நரம்புகள் ரத்தக்குழாயை ஒட்டியே ஓடுகின்றன. நரம்பு சுடுபடுகிறதா என்று காட்டும் கருவி அந்த அறையில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். கருவியை நிறுத்தி, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போட்டுவிட்டுத் தொடர்வார்கள். ஒரு நிமிட வேலை.

“டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்னு பொறுத்துக்கிட்டேன்” என்று முடிந்த பிறகு சொல்லும் பெரியவர்களைத் தினமும் பார்க்கிறோம். ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் முப்பது வருஷம் நின்ற மாஸ்டருக்கும், வகுப்பில் நின்றே பாடம் எடுத்த டீச்சருக்கும் பொறுத்துக்கொள்வது பழகிப்போயிருக்கும். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. பொறுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் தாங்காமல் காலைச் சட்டென்று உதறுவதுதான் ஆபத்து. முனை, தொடை இடுக்கில் ஆழமான ரத்தக்குழாயோடு சேரும் சந்திப்பிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தப்பட்டிருக்கும். அந்த இடைவெளி மாறக் கூடாது.

இருமல், தும்மல் வந்தால்? சிறுநீர் வந்தால்?

“வருகிறது” என்று ஒரு வார்த்தை போதும், கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சிறுநீர் கழித்துவிட்டுத்தான் மேசையில் ஏற வேண்டும், வரவில்லை என்றாலும் ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.

மயக்கம் வருகிற மாதிரி இருந்தால்?

கொட்டாவி, குமட்டல், நெற்றியில் சில்லென்ற வியர்வை, காது அடைப்பது. இவை மயக்கத்துக்கு முன்னால் வரும் அறிகுறிகள். கால் கீழே சாய்ந்திருக்கும் முதல் கட்டத்தில்தான் அதிகம் வரும். மேசையின் தலைப்பக்கத்தை இறக்கினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ரத்தப் பரிசோதனைக்கே மயங்கிய அனுபவம் உண்டென்றால் சங்கோஜப்படாமல் சொல்லுங்கள், ஆரம்பத்திலிருந்தே மேசையைச் சாய்க்காமல் சமமாகப் படுக்கவைத்துச் செய்யலாம்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்கிறோம் என்கிறார்கள். அதுதானே வலியில்லாதது?

நம் ஊரில் பல மருத்துவமனைகளில் இது வழக்கம்தான். இரண்டு காலையும் ஒரே நாளில் செய்வது, புடைத்த ரத்தக்குழாய்களைச் சிறு துளை வழியாக எடுப்பதையும் சேர்த்துச் செய்வது, ஊசி என்றாலே நடுங்குபவர் போன்றவற்றில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஒற்றைக் காலுக்கு, சாதாரண லேசர் அல்லது ஆர்.எஃப்.புக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. முதுகு ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் நடக்க முடியாது. இந்தச் சிகிச்சையின் அழகே எழுந்தவுடன் நடப்பதுதான். சிறுநீர் அடைப்பு, பிற்பாடு தலைவலி சிலருக்கு வரும். குதிகால் அழுந்தினாலும், நரம்பில் சூடு பட்டாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. முதுகு ஊசிதான் என்று முடிவானால், அழுந்தும் இடங்களுக்குப் பேட் வைப்பதில் அங்குள்ளவர்கள் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசியிலேயே செய்ய முடியாதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஃபோம், க்ளூ என்றால் படுக்கும் விதம் மாறுமா?

ஃபோமில் காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டியிருக்கும். மருந்து போனதும் சில நிமிடம் அப்படியே கிடந்து, பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார்கள். ஆழமான ரத்தக்குழாய்க்குள் போன நுரை அதனால் அடித்துச் செல்லப்படும். உடனே துள்ளி எழ வேண்டாம், முக்கி இருமவும் வேண்டாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் முன்பே சொல்லுங்கள். சிலருக்குக் கண்முன் மின்னல் போலத் தெரிந்து, சற்று நேரத்தில் மறையும்.

க்ளூவில் தொடை நெடுகத் தண்ணீர் ஊசி கிடையாது. அதற்குப் பதிலாக, பசை விட்ட இடத்தைக் கையாலும் ஸ்கேன் கருவியாலும் அழுத்திப் பிடிப்பார்கள். முதல் இடத்தில் 3 நிமிடம், பிறகு ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் என்பது ஒரு பரவலான முறை. தொடை இடுக்கில் 3 நிமிடம் அழுத்துவது கொஞ்சம் எரிச்சலூட்டும், அவ்வளவுதான். செயற்கை நகம், இமை ஒட்டும் பசையால் உங்களுக்கு அரிப்பு வந்ததுண்டென்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

தொடை இடுக்கு வரை பார்ப்பார்களாமே. கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பெண்கள் எங்களிடம் நேரடியாகக் கேட்பதில்லை, கணவர் மூலமாகவோ மகள் மூலமாகவோ வரும். பார்க்க வேண்டிய இடம் தொடையின் உள்பக்கமும் இடுக்கின் ஓரமும்தான். உள்ளாடையைக் கழற்றத் தேவையில்லை, ஓரத்தில் ஒரு டவலைச் செருகி ஒதுக்கினால் போதும். மற்றக் கால், வயிறு எல்லாம் மூடியிருக்க வேண்டும். பெண் நர்ஸ் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஸ்கேன் எடுக்கும்போதும் அப்படித்தான். கதவுக்கு நேரே கால் இருக்கும்படி மேசை போட்டிருந்தால் திரையை இழுக்கச் சொல்லுங்கள். கூச்சத்தில் தொடையை இறுக்கிக்கொண்டால் ஸ்கேனும் கடினம், ஊசியும் கடினம். ஆண்களுக்கும் இதே கூச்சம் உண்டு, அவர்கள் சிரித்து மழுப்புவார்கள்.

கணுக்காலில் ஆறாத புண் இருக்கிறது. அந்தக் காலோடு படுக்க முடியுமா?

முடியும். புண்ணைக் கட்டி மூடி, அது எங்கும் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தாங்கல் வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுவோம். புண்ணில் வலி இருந்தால் வழக்கமாகச் சாப்பிடும் வலி மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், கால் முழுக்கப் புடைத்திருக்கிறது.

பொதுவாகப் பிரசவம் முடியும் வரை இந்தச் சிகிச்சைகளைத் தள்ளிப்போடுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு ஓரளவு தானாகவே வடிந்தும் விடும். அதுவரை ஸ்டாக்கிங்ஸும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும்தான். கால் ஒன்று மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

முடிந்தவுடன் என்ன? எப்போது எழுந்திருக்கலாம்?

படுத்த நிலையிலேயே ஸ்டாக்கிங்ஸை மாட்டிவிடுவார்கள். கால் வடிந்திருக்கும்போது மாட்டினால்தான் பொருந்தும். பரவலாகத் தருவது 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமுள்ள இரண்டாம் வகுப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கும், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நிற்கிறவர்களுக்கும் பாதத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துச் சில்லிட்டாலோ கழற்றிவிட்டுப் போன் செய்யுங்கள். எத்தனை நாள் போடுவது என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும்.

பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். பத்து முதல் இருபது நிமிடம் வராந்தாவில் நடக்க வேண்டும். ஊசி போட்ட துளையிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்து ஸ்டாக்கிங்ஸ் நனையும். உள்ளே நிரப்பிய சலைன்தான் அது, ரத்தம் கொட்டுகிறது என்று பதற வேண்டாம். போகும் வழியில் கார் இருக்கையில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

ஊர் தூரம். அன்று இரவே பஸ்ஸில் கிளம்பலாமா?

சென்னையில் செய்துகொண்டு அன்றிரவே தென்காசி பஸ் ஏறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். காலை மடக்கி இரவு முழுவதும் அசையாமல் உட்கார்வது ரத்தம் உறைய ஏற்ற நிலை. முடிந்தால் ஒன்றிரண்டு நாள் உறவினர் வீட்டில் தங்கி நடமாடிவிட்டுப் போங்கள். ரத்தக்குழாய் சரியாக மூடியிருக்கிறதா, ஆழத்தில் ரத்தக்கட்டி ஏதும் உண்டா என்று பார்க்கும் மறு ஸ்கேன் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இருக்கும், அதையும் சேர்த்தே திட்டமிடலாம்.

போய்த்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் பதில் ரயிலில் போங்கள். கீழ்ப் பெர்த்தில் காலை நீட்டலாம், இடையில் எழுந்து நடக்கலாம். பஸ்தான் என்றால் நடைபாதை ஓர இருக்கை, நிறுத்துமிடங்களில் எல்லாம் இறங்கி நாலு நடை, உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தண்ணீர் குடிப்பதில் கஞ்சத்தனம் கூடாது. அன்று பைக்கோ காரோ நீங்களே ஓட்ட வேண்டாம். தொடை இன்னும் மரத்திருக்கும், பிரேக் மிதித்தது காலுக்குச் சரியாகத் தெரியாது.